மாப்பிள்ளை காரின் காற்றுக்குழாய்

தகரம் என்று கூப்பிட்டால்தான் அவர் திரும்பிப் பார்ப்பார். சொந்தப் பேரைச் சொல்லி யாராவது தேடி வந்தால் தபால்காரரே கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓ, நம்ம தகரமா" என்பார். பெரிய கட்டடங்களில் கூரைக்கடியில் குளிர்காற்று போவதற்குச் சதுரமாகவும் உருண்டையாகவும் குழாய் ஓடுமே, அந்தக் குழாய்களைத் தகட்டில் வெட்டி, மடக்கி, மடிப்பைத் தட்டி மூடுகிற வேலை. வீட்டோடு ஒட்டிய கொட்டகைதான் பட்டறை. பகல் முழுக்கச் சுத்தியல் சத்தம் கேட்கும். அதை வைத்தே தெருக்காரர்கள் அவர் மனநிலையைச் சொல்லிவிடுவார்கள். ஒரே தாளத்தில் விழுந்தால் வேலை நடக்கிறது. தாளம் தப்பி ஒரே இடத்தில் விழுந்தால், தகட்டின் மேல் யாரோ ஒருவரின் முகம் தெரிகிறது என்று அர்த்தம்.

இளம் வயதில் அந்தக் கை சும்மா இருந்ததே இல்லை. முதலில் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் மேஸ்திரி அம்மாவைச் சேர்த்துத் திட்டினார் என்று, பிடித்திருந்த மரச்சுத்தியலாலேயே அவர் தாடையில் ஒன்று வைத்தார். மேஸ்திரி ரொம்ப நாள் எதையும் மெல்லாமல் உறிஞ்சியே சாப்பிட்டார். பஸ்ஸில் காலை மிதித்தவனைச் சட்டையைப் பிடித்து இழுத்து இறக்கி, மூக்கில் ரத்தம் வரும்வரை அடித்தார். மிதித்தது பக்கத்தில் நின்ற வேறு ஆள் என்று அப்புறம்தான் தெரிந்தது. "சரி, வாங்கினது வாங்கினதா இருக்கட்டும். அடுத்து நீங்க யாரையாவது மிதிச்சா கழிச்சிக்கலாம்" என்று அவனையே தூக்கி நிறுத்தித் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். அடித்து முடித்ததும் அவரைப் போல நல்லவர் கிடையாது. தொந்தரவு அடிக்கும் வரைக்கும்தான்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் அந்தக் கை மனைவி மேலும் விழுந்தது. காரணம் இருவருக்குமே இப்போது ஞாபகமில்லை. அடி மட்டும் ஞாபகமிருக்கிறது. காதோடு சேர்த்து விழுந்ததில் அவள் மேசை மேல் சாய்ந்தாள். அவள் பள்ளிக்கூடப் பைகள் தைக்கிறவள். மேசையில் துணி வெட்டுகிற பெரிய கத்தரிக்கோல் கிடந்தது. நிமிர்ந்தவள் அழவில்லை. கத்தரிக்கோலை எடுத்து இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினாள்.

"இது வெளியில கிடந்தா நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாது" என்று சொல்லிவிட்டு, சாவியையும் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

வாரக்கணக்கில் கெஞ்சி அழைத்து வந்தபோது வாசலிலேயே நின்று ஒரே ஒரு வார்த்தை பேசினாள். "என் மேலன்னு இல்ல. யார் மேல கை வச்சாலும் அன்னைக்கே கிளம்பிடுவேன். அப்புறம் எத்தனை பேர் வந்து பேசினாலும் வர மாட்டேன்."

அன்றிலிருந்து அவர் யாரையும் தொட்டதில்லை. எல்லாவற்றையும் தகடு வாங்கிக்கொண்டது. வருஷங்கள் போக, பிள்ளை இல்லாத அந்த வீட்டில் அவள் தையல் மெஷினும் அவர் சுத்தியலும் மாறி மாறிப் பேசிக்கொண்டன. மனுஷர்கள் பேசியது குறைவுதான். ஆனால் சண்டை இல்லை.

தகரத்துக்கு ஒரே தங்கை. ரெண்டு தெரு தள்ளிக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மருந்துக்கடையில் வேலை. அவள் புருஷனை, அதாவது மாப்பிள்ளையை, ஊரில் பிடிக்காதவர் கிடையாது. பார்சல் கிடங்கில் சூப்பர்வைசர். எதிரே வருகிறவருக்கு வழி விடுவான், மழை பெய்தால் குடையைக் கொடுத்துவிட்டு நனைவான், சிரித்த முகம். வீட்டுக் கதவைச் சாத்தியதும் அந்த முகத்தைக் கழற்றி மாட்டிவிடுவான் போலிருக்கிறது. பெல்ட்டால் அடிப்பான். சில நாள் வெறும் கை. ஒருதரம் தலைமுடியைப் பிடித்து இழுத்துச் சுவரில் மோதியதில் அவளுக்கு முன்பல் ஒன்று ஆடிப்போய், கடைசியில் விழுந்தே விட்டது.

"அலமாரிக் கதவு இடிச்சிடுச்சு" என்பாள் தங்கை.

அந்த அலமாரிக்குக் கதவே கிடையாது. கீல் உடைந்துபோனது என்று தகரமே கழற்றிக்கொண்டு வந்திருந்தார். அது கொட்டகையில் சாய்ந்து நின்றது. அதைச் சொல்லி அவளை மடக்க அவருக்கு வாய் வரவில்லை. மருந்துக்கடையில் வேலை பார்ப்பதால் காயத்துக்கு அவளே கட்டுப் போட்டுக்கொள்வாள். ரொம்ப நேர்த்தியான கட்டு. பார்த்தால் நர்ஸ் போட்டது மாதிரி இருக்கும்.

ஒருமுறை தகரம் நியாயம் கேட்கிறேன் என்று அவர்கள் வீட்டுக்குப் போனார். மாப்பிள்ளை நாற்காலி இழுத்துப் போட்டான், ஃபேனை அவர் பக்கம் திருப்பினான். "உட்காருங்க மச்சான். என்ன, வேர்க்குது உங்களுக்கு?" தகரம் ரெண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு, உட்காராமல், டீ குடிக்காமல், ஒன்றும் பேசாமல் வந்துவிட்டார். வந்து தட்டியதில் ஒரு முழுத் தகடு சல்லடையாகிப்போனது. மனைவி தையலை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

இந்த நிலைமையில்தான் கார் வந்தது.

மாப்பிள்ளை பழைய கார் ஒன்று வாங்கியிருந்தான். ஓடுகிறது, ஆனால் மூச்சு வாங்குகிறது. கிடங்கில் அவனோடு வேலை பார்க்கிற ஒருத்தன் காருக்கு ஏர் இன்டேக் மாற்றியிருந்தான். எஞ்சினுக்குக் காற்று இழுக்கிற குழாய் அது. பெரிய வாய் வைத்த குழாயாக மாட்டினால் காற்று தாராளமாகப் போகும், மிதித்ததும் வண்டி பாயும். முக்கியமாக, உறுமும். கடையில் விற்கிற குழாயின் விலையைக் கேட்டுவிட்டு மாப்பிள்ளை நேராக மச்சான் பட்டறைக்கு வந்தான்.

"மச்சான், ஊருக்கெல்லாம் காத்து விடறீங்க. என் காருக்கும் கொஞ்சம் விடக் கூடாதா?"

தகரம் சுத்தியலைக் கீழே வைத்தார். மறுத்துவிட்டால் அந்தக் கோபம் எங்கே போய் இறங்கும் என்று அவருக்குத் தெரியும். "கொண்டாந்து விடுங்க மாப்ள. இருக்கிற சாமானை வச்சே பண்ணிடலாம்" என்றார்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே வேலை கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. கம்பெனி வைத்த கறுப்பு பிளாஸ்டிக் டப்பாவையும் அதோடு இருந்த வரிவரியான ரப்பர் குழாயையும் கழற்றி ஓரமாக வைத்தார். அட்டையை வெட்டி, பேட்டரிக்கும் விளக்குக்கும் நடுவில் நுழைத்து அளவு பார்த்தார். மிச்சம் கிடந்த அலுமினியத் தகட்டை இரும்புத் தூணில் சுற்றிக் குழாயாக உருட்டினார். வளைவுக்குச் சாக்கடை பைப்பின் எல்போ, இணைப்புக்கு ரப்பர் வளையமும் கிளாம்பும், நுனியில் கூம்பு மாதிரி ஒரு ஃபில்டர். எஞ்சின் சூடு குழாயில் ஏறாமல் நடுவே ஒரு தடுப்புத் தகடு. எல்லாம் கொட்டகையிலேயே கிடந்த சாமான்கள்தான். மாப்பிள்ளை கூடவே நின்று விளக்குப் பிடித்தான், ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தான், கை நிறையக் கறுப்பு. ஒரு மடிப்பைத் தட்டி மூடினால் முடிந்தது. பொழுது சாய்ந்ததால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டார்கள்.

மறுநாள் காலை தங்கை கடைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தாள். விடுமுறை முடிந்து வருகிற திங்கட்கிழமைகளில் அவள் மருந்துக்கடை வெள்ளைக் கோட்டின் கையை மணிக்கட்டு மறையும்வரை இழுத்துவிட்டிருப்பாள். அன்றைக்கு முழங்கைவரை மடித்துவிட்டிருந்தாள்.

"நேத்து வந்ததும் குளிச்சிட்டுப் படுத்துட்டாரு, அண்ணா. படுக்கிற வரைக்கும் உன் குழாய்ப் பேச்சுதான்."

அவள் போன பிறகு தகரம் கொஞ்ச நேரம் பானெட்டுக்கு முன்னால் நின்றார். பிறகு குழாயை வெளியே எடுத்து, தட்டி மூட வேண்டிய மடிப்பை உளியால் நெம்பித் திறந்தார்.

சாயங்காலம் மாப்பிள்ளை வந்தபோது, "அளவு பிசகிடுச்சு மாப்ள. பேட்டரியில உரசுது. திரும்ப உருட்டணும்" என்றார்.

அதிலிருந்து அந்த வேலை முடியவே இல்லை. ஒரு நாள் வளைவு ரொம்பச் செங்குத்து, காற்று முட்டும் என்றார். இன்னொரு நாள் அலுமினியம் சூடேறுகிறது, வேறு பைப்புக்கு மாற்ற வேண்டும் என்றார். மாற்றியது பம்பரில் இடித்தது. இடிக்காமல் வைத்ததில் எங்கோ சின்ன இடைவெளி இருந்தது. அதன் வழியாகத் திருட்டுக் காற்று உள்ளே போய், எஞ்சின் தானாகவே ரேஸ் ஏறி இறங்கி விக்கியது. அந்த இடைவெளியைத் தேடவே ஒரு வாரம். அவரே கத்தி நுனியால் கீறி வைத்த இடைவெளி. தன் கையால் போட்ட மடிப்பில் ஊசி நுழையாது என்று பெருமை பேசுகிற மனுஷன், தினமும் காலையில் யாரும் பார்க்காதபோது தன் வேலையைத் தானே கெடுத்தார். அப்படிக் கெடுக்கிறபோது அவர் முகத்தைப் பார்த்தால் யாரோ அவரைக் கட்டிவைத்து அடிக்கிற மாதிரி இருக்கும்.

மாப்பிள்ளை தினமும் வேலை முடிந்து நேராகக் கொட்டகைக்கு வந்தான். களைத்துப்போய் வீட்டுக்குப் போனான். தங்கையின் கழுத்தோரம் இருந்த பழைய நீலத் தடங்கள் பச்சையாகி, மஞ்சளாகி, அடங்கின. புதுசாக ஒன்றும் வரவில்லை. அளந்தே பழகிய கண் அவருக்கு. அவள் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் அளந்தார்.

மாப்பிள்ளையோடு தினமும் நிற்பதுதான் கஷ்டம். அவன் நல்ல பேச்சுக்காரன். பானெட்டுக்குள் தலையை விட்டபடி கிடங்குக் கதைகளாகச் சொல்வான்.

"இன்னைக்கு ஒரு லோடுமேன், மச்சான். பெட்டியைத் தலைகீழா அடுக்கறான். சொன்னேன், கேக்கல. பின்னாடி கூட்டிட்டுப் போய்க் கன்னத்துல ரெண்டு. அப்புறம் பாருங்க, மெஷின் மாதிரி அடுக்கறான்." ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். "கை வைக்கலைன்னா எதுவும் ஓடாது. வண்டியானாலும் சரி, வீட்ல இருக்கிறதானாலும் சரி."

தகரம் அப்போது தகடு வெட்டிக்கொண்டிருந்தார். கத்திரி அப்படியே ஓடி, தகட்டோடு சேர்த்து உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு போனது. ரத்தம் குழாயின் மேல் சொட்டியது. மாப்பிள்ளை பதறிப்போய்த் தன் கைக்குட்டையை எடுத்துச் சுற்றினான். "பார்த்து மச்சான், பார்த்து. உங்களுக்கு ஒண்ணுன்னா உங்க தங்கச்சி என்னைச் சும்மா விடுவாளா?" அந்தக் கைக்குட்டை நன்றாகச் சலவை செய்து, நாலாக மடித்து இஸ்திரி போட்டது. தங்கை போட்ட இஸ்திரி.

மருந்துக்கடைக்குப் போனார். கூட்டம் இல்லை. தங்கை கவுன்டருக்குப் பின்னால் உட்காரவைத்து, கைக்குட்டையைப் பிரித்து, காயத்தைக் கழுவினாள். எரிச்சலில் அவர் பல்லைக் கடித்தார்.

"கார் எப்ப முடியும் அண்ணா?"

"முடியாது."

"முடியாதுன்னா?"

"இப்போதைக்கு முடியாது. நான் பார்த்துக்கிறேன்."

அவள் பஞ்சைப் பிடித்த கை நின்றது. அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். அவளுக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பாளோ அழுவாளோ என்று அவர் பயந்தார். அவள் ரெண்டும் செய்யாமல் கட்டை இறுக்கிச் சுற்றினாள்.

"சரி. எத்தனை நாளைக்கு இழுப்ப? அவரு முட்டாள் இல்ல."

"இழுக்கிற வரைக்கும் இழுப்போம்."

"அப்புறம்?"

தங்கை டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். விழுந்த பல்லின் இடத்தில் சந்து இருந்ததால் ரெண்டு தரம் கடிக்க வேண்டியிருந்தது.

"உன் பின்னறையில இப்ப என்ன இருக்கு அண்ணா?"

"பாதி தகடு. மீதி உங்க அண்ணி பை தைக்கிற துணி மூட்டை. எள்ளு போட்டா எள்ளு விழாது." சொல்லிவிட்டு, "ஏன், ஏதாவது சாமான் வைக்கணுமா?" என்று கேட்டார்.

"இல்ல. சும்மா கேட்டேன்."

பாதி வழி நடந்த பிறகுதான் அவள் எந்தச் சாமானைக் கேட்டாள் என்று அவருக்கு உறைத்தது. நின்றார். திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் பின்னறையில் பாதி மனைவியுடையது. பொழுதுக்கும் குனிந்து தைத்து அவள் சேர்த்து வைத்த மூட்டைகள். அவளிடம் போய், என் தங்கைக்காக உன் இடத்தைக் காலி பண்ணு என்று எந்த முகத்தோடு கேட்பது? மாட்டேன் என்று சொல்லிவிட்டால் அப்புறம் தங்கையின் முகத்தில் எப்படி விழிப்பது? கேட்காமலே இருந்தால் அந்த மாட்டேன் வராது. அதுவரை கார் இருக்கிறது. அவர் வீட்டுக்கு வந்து மனைவியிடம் கையைக் காட்டி, "கத்திரி பட்டுடுச்சு" என்று மட்டும் சொன்னார்.

எல்லாம் கெட்டது டயர்க்கடைக்காரரால். கெட்ட மனுஷர் இல்லை. பெரிய தொப்பை, அதைவிடப் பெரிய வாய். மாப்பிள்ளையின் கூட்டாளி. ஒரு விடுமுறை நாள் காலையில், இந்த அதிசயக் குழாயைப் பார்க்கிறேன் என்று மாப்பிள்ளையோடு கொட்டகைக்கு வந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வழக்கம்போல ஏறி இறங்கி விக்கியது. அவர் பானெட்டுக்குள் குனிந்தார்.

"இதுக்காய்யா இத்தனை வாரம்? இந்நேரம் ஒரு சினிமாக் கொட்டகைக்கே ஏசி டக்ட் போட்டு, படமும் ஓட்டியிருப்பாரே தகரம்."

மாப்பிள்ளை சிரித்தான். "எங்க மச்சானுக்கு எல்லாம் சுத்தமா இருக்கணும்."

"சுத்தமா?" டயர்க்கடைக்காரர் விரலை இணைப்புக்கடியில் விட்டுத் தடவினார். "இங்க பாரு. ரப்பர் வளையத்தை யாரோ கீறி வச்சிருக்காங்க. பிஞ்சது இல்ல இது. கத்தியால கீறினது. எலி கடிச்சாக்கூட இவ்வளவு நேரா கடிக்காது." அவருக்கே அந்த நகைச்சுவை பிடித்துப்போய்ச் சிரித்தார். கூடச் சிரிக்க யாரும் இல்லை. அவரும் நிறுத்திக்கொண்டார்.

மாப்பிள்ளை எஞ்சினை அணைத்தான். சத்தம் நின்றதும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. தங்கை. புருஷனுக்கும் அண்ணனுக்கும் சேர்த்துச் சாப்பாட்டுத் தூக்கு எடுத்து வந்திருந்தாள்.

மாப்பிள்ளை மச்சானைப் பார்த்தான், குழாயைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். ஒவ்வொரு சாயங்காலமாக அவன் எண்ணிப் பார்ப்பது முகத்திலேயே தெரிந்தது. அந்தச் சிரிப்பு போகவில்லை. அப்படியே உறைந்து நின்றது.

"ஓ. என்னை இங்க கட்டிப் போட்டு வச்சிருக்கீங்க." பெண்டாட்டி பக்கம் திரும்பினான். "உன் ஏற்பாடா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள் அவள்.

அறைந்தான். சாப்பாட்டுத் தூக்கு பறந்து தகட்டு அடுக்கில் மோதிச் சிதறியது. அவள் பக்கவாட்டில் விழுந்தாள். அவன் குனிந்து பின்னலைக் கையில் சுற்றித் தூக்கி மறுபடியும் அறைந்தான். அவள் உதடு கிழிந்து கன்னம் வரை ரத்தம்.

இத்தனை வருஷமும் கதவுக்குப் பின்னால் நடந்தது. தடத்தைத்தான் தகரம் பார்த்திருக்கிறார். அடியைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவர் பாய்ந்தார். மாப்பிள்ளையின் விலாவில் தோளால் மோதி, ரெண்டு பேரும் வேலை மேசையோடு சாய்ந்தார்கள். கட்டுப் போட்ட கையாலேயே முகத்தில் குத்தினார். மறுபடியும் அதே இடத்தில் குத்தினார். மூக்கு உடைகிற சத்தம் கேட்டது. கட்டு அவிழ்ந்து காயம் பிளந்து, எது யாருடைய ரத்தம் என்று தெரியவில்லை. டயர்க்கடைக்காரர், "ஏய், விடுங்கப்பா, விடுங்கப்பா" என்று சொல்லிக்கொண்டே பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

மாப்பிள்ளை வயதில் சின்னவன், பெட்டி தூக்கி வளர்ந்த உடம்பு. புரண்டு மேலே வந்தான். கைக்கு எட்டியது சக்கரம் கழற்றுகிற நீள ஸ்பேனர். அதை ஓங்கித் தகரத்தின் தோளில் இறக்கினான். காறையெலும்பு முறிந்தது. உலர்ந்த சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். தகரம் காரின் முன்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டார். இடது கை தொங்கியது. இன்னொரு அடி முதுகில். மூச்சு வரவில்லை.

"குழாய் பண்றாராம், குழாய்." மாப்பிள்ளை ஸ்பேனரை வீசினான். மூக்கிலிருந்து ரத்தம் ஒழுக, திறந்திருந்த பானெட்டுக்குள் குனிந்தான். இடது கையைக் காரின் முன்விளிம்பில் ஊன்றிக்கொண்டு, வலது கையால் குழாயைப் பிடித்து வெறியோடு இழுத்தான். கிளாம்ப் தெறித்தது. "இதாலேயே அண்ணன் மண்டையையும் உடைக்கிறேன், தங்கச்சி மண்டையையும் உடைக்கிறேன். பாருங்க."

தங்கை எழுந்தாள். ஓடவில்லை, கத்தவில்லை. காரின் பக்கவாட்டில் வந்து, பானெட்டைத் தாங்கி நின்ற கம்பியைக் கொக்கியிலிருந்து எடுத்துவிட்டாள்.

பானெட் அவன் பின்மண்டையில் விழுந்தது. அவன் வழுக்கிக் கீழே உட்கார்ந்தான். தலை வெளியே வந்துவிட்டது. ஊன்றிய இடது கையின் விரல்கள் வரவில்லை. விளிம்புக்கும் பானெட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டன. அவன் இழுப்பதற்குள் அவள் பானெட்டின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள். எலும்புகள் நொறுங்கின. அவன் போட்ட சத்தத்தில் தெருக்கோடி வரை ஜன்னல்கள் திறந்தன.

அவள் இறங்கவில்லை. ரெண்டு கையையும் பின்னால் ஊன்றி நன்றாகப் பாரத்தை இறக்கி உட்கார்ந்தாள். கீழே புருஷன் கதறிக்கொண்டிருக்க, அவனைத் தாண்டி அண்ணனைப் பார்த்தாள். குரல் உயரவில்லை.

"அண்ணா. நீ இவரு காரைத்தான் பார்த்த. எனக்கு ஒரு இடம் பார்க்கல. இப்பக் கேக்கறேன். உன் வீட்ல எனக்கு இடம் இருக்கா, இல்லையா? இல்லைன்னா சொல்லிடு. நான் இறங்கி இவரோட வீட்டுக்குப் போறேன். போனா என்ன நடக்கும்னு உனக்குத் தெரியும்."

தகரம் வாயைத் திறந்தார். மூச்சுதான் வந்தது. கண்கள் வாசல் பக்கம் போயின. அங்கே அவர் மனைவி நின்றுகொண்டிருந்தாள். தைத்த பைகளைக் கடையில் போட்டுவிட்டு வந்தவள். எப்போதிலிருந்து நிற்கிறாள் என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் ரொம்ப நேரமாகத்தான்.

"அவளைக் கேளு" என்று சொன்னார், ஒருவழியாக. "பாதி அவளோடது."

"என்னை யாரு கேட்டா?" என்றாள் மனைவி. புருஷனிடம்தான். "இத்தனை நாள்ல ஒரு தடவை, ஒரே தடவை, என்னைக் கேட்டியா? நான் என்ன சொல்லுவேன்னு நீயே எனக்காகச் சொல்லி, நீயே கேட்டுக்கிட்டு, போய்க் குழாய் உருட்டிட்டு இருந்திருக்க."

பிறகு நாத்தனாரிடம் திரும்பினாள். "இறங்கு. பின்னறையில இன்னைக்கு மூட்டை மேல படு. நாளைக்கு இடம் பண்ணிக்கலாம்."

"அண்ணி, அவரு..."

"அவரு கையை எடுத்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். இறங்கு நீ."

அவள் இறங்கினாள். டயர்க்கடைக்காரர்தான் பானெட்டைத் தூக்கினார். அதுவரை சுவரோடு ஒட்டியிருந்ததற்குப் பிராயச்சித்தம் மாதிரி இருந்தது. மாப்பிள்ளை விரல்களைச் சட்டைக்குள் பொத்திக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பி நின்றான். உன்னை விட மாட்டேன், கொன்று புதைத்துவிடுவேன், என்னென்னவோ சொன்னான். தெருவே நின்று கேட்டது. அவனுடைய இன்னொரு முகத்தை ஊர் பார்ப்பது அதுதான் முதல்முறை. மழையில் அவனிடம் குடை வாங்கிப்போன பக்கத்து வீட்டுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். மனைவி உள்ளே போய், அந்தப் பெரிய கத்தரிக்கோலை எடுத்துவந்து, வாசல்படியில் உட்கார்ந்து, அவன் பேசி முடிக்கும்வரை நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். டயர்க்கடைக்காரர் அவனைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

அன்று மத்தியானமே ரெண்டு பெண்களும் போலீசுக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு, அப்படியே அந்த வீட்டுக்கும் போய்த் தங்கையின் துணிமணிகளை எடுத்து வந்தார்கள். தகரம் கூட வருகிறேன் என்றதற்கு, "நீ வந்து கிழிச்சது போதும்" என்று மனைவி சொல்லிவிட்டாள். அவர் தோளில் கட்டோடு கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். சிதறிய சோற்றைக் காக்கை தின்றது. கார் அங்கேயே நின்றது. அது அங்கே நிற்கக் கூடாது. ஒற்றைக் கையால் கிளாம்ப்புகளைக் கழற்றி, குழாயை உருவி, எல்போவை, தடுப்புத் தகட்டை, எல்லாவற்றையும் பழைய தகரக் குவியலில் எறிந்துவிட்டு, கம்பெனி வைத்த டப்பாவைத் திரும்ப மாட்ட ஆரம்பித்தார். ஒரு திருகு பிடித்தால் இன்னொன்று விழுந்தது. பாதியில் தங்கை வந்தாள். உதடு வீங்கியிருந்தது. குனிந்து திருகுகளைப் பொறுக்கி ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். சாவியைப் போட்டபோது எஞ்சின் விக்கல் இல்லாமல் ஓடியது. மறுநாள் டயர்க்கடைக்காரர் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

மாப்பிள்ளை சும்மா இருக்கவில்லை. ஒருநாள் குடித்துவிட்டு வந்து கேட்டை உதைத்தான், இன்னொரு நாள் ஜன்னலில் கல் விழுந்தது. கேஸ் நடக்கிறது. தங்கை கடைக்குப் போகும்போதும் வரும்போதும் யாராவது ஒருத்தர் கூடப் போகிறார்கள். சில நாள் டயர்க்கடைக்காரரும் போகிறார், தொப்பையைத் தள்ளிக்கொண்டு.

பின்னறையில் தகடுகள் வெளியே கொட்டகைக்கு நகர்ந்தன. துணி மூட்டைகள் நகரவில்லை. மருந்துக்கடைக் கோட்டை எந்த ஆணியில் மாட்டுவது, தையல் மெஷின் ஜன்னலோரமா கதவோரமா என்று ரெண்டு பெண்களுக்கும் தினமும் ஒரு வாக்குவாதம்.

மனைவி கிளம்பிப் போகவில்லை. ஆனால் யார் மேல கை வச்சாலும் என்று அன்றைக்குச் சொன்ன சொல்லை விட்டுவிடுகிற ஆளும் இல்லை. சண்டை நடந்த அன்று ராத்திரியிலிருந்து தகரத்தோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். இதுவரை ஒரு வார்த்தை கிடையாது. எதையாவது சொல்ல வேண்டுமென்றால் நாத்தனாரிடம் சொல்லுவாள், அவர் எதிரே நின்றுகொண்டே.

"உங்க அண்ணன்கிட்டச் சொல்லு, தோளை அசைக்காம சாப்பிடச் சொல்லு."

"அண்ணா, தோளை அசைக்காம சாப்பிடுவியாம்."

"கேட்டுச்சு" என்பார் தகரம். "எவ்வளவு நாளைக்குன்னு கேளு."

தங்கை அண்ணியைப் பார்ப்பாள். அண்ணி மெஷினில் உட்கார்ந்து பையின் வாயை மடித்து ஊசிக்கடியில் வைப்பாள்.

"எனக்கு வேலை இருக்குன்னு சொல்லு."